ஆவணம் இழந்தவரின் பட்டத்தையும் மதிப்பிடலாம்

மூலச் சான்றிதழ் இல்லாத அகதியின் படிப்பைச் சரிபார்க்கவே முடியாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. உயர்கல்வித் தகுதிகளை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிப்பதற்கான 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, ஆவணமற்ற அகதிகளின் தகுதியையும் நியாயமாக மதிப்பிட வழிசெய்யுமாறு நாடுகளைக் கேட்கிறது. அதையொட்டி ஐரோப்பிய மன்றம் 2017 முதல், எஞ்சியிருக்கும் தாள்களையும் நேர்காணலையும் கொண்டு அகதியின் படிப்பை மதிப்பிட்டு விவரிக்கும் ‘தகுதிக் கடவுச்சீட்டு’ என்ற ஆவணத்தை வழங்குகிறது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி உணவகமொன்றில் பாத்திரம் கழுவும் யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியர் ஒருவர், ஓரம் கருகிய பட்ட நகலை நெகிழிப் பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். என் மகளுக்கு நுண்கணிதம் சொல்லித்தரும்போது அவர் எந்தக் குறிப்பையும் புரட்டுவதில்லை. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு; இங்கே அகதிகளுக்குச் சட்டப்படி நிலையான இடமில்லை. ஆகவே மூன்றாம் நாட்டில் குடியேறும் நாளுக்காக, இத்தகையோர் படித்த பாடங்களையும் ஆண்டுகளையும் முறையாகப் பதிந்துவைக்க நம் தமிழ் அமைப்புகள் இப்போதே உதவ வேண்டும்.