புது ஃபிரிட்ஜும் "நார்மல்தான் சார்" பதிலும்

புது ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறது என்று சொன்னால் கடையிலும் சரி, வீட்டுக்கு வரும் சர்வீஸ்காரரும் சரி, ஒரே பதில்தான்: "நார்மல்தான் சார்." எந்தச் சத்தம் நார்மல், எது இல்லை என்று ஒருவரும் பிரித்துச் சொல்வதில்லை. அதுதான் எரிச்சல்.

தண்ணீர் கொப்பளிப்பது போலக் கேட்டால், அது குழாயில் குளிரூட்டும் கேஸ் ஓடும் சத்தம். நடுராத்திரி 'டக்' என்று கேட்பது, உள்ளே பிளாஸ்டிக் குளிரில் சுருங்கி விரிவதால். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர், அதாவது தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் கம்ப்ரஸர், அதிகம் நிற்காமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு முனகல் இருக்கத்தான் செய்யும். இதெல்லாம் சரி. பக்கத்து அலமாரியில் பாத்திரம் அதிர்கிற அளவுக்கு 'கிர்ர்' என்றால், அதுவும் நார்மலா?

எங்கள் வீட்டில், இறக்கி வைத்தவர்கள் முன்கால் திருகைத் திருகிச் சமன் செய்யவே இல்லை. ஒரு கால் தரையில் படவே இல்லை. பின்னால் தண்ணீர் சேரும் தட்டும் சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டிருந்தது. முதுகு சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கி, காலைத் திருகி, தட்டை அழுத்தி, நாலு விரல் இடைவெளி விட்டதும் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

அப்புறம் இன்னொன்று. வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் இடம் மாறிவிடும். சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும். அதைக்கூடச் சொல்லாமல் போகிறார்கள். இத்தனை ஆயிரம் வாங்குகிறவர்கள், டெலிவரி அன்றைக்கே ஒரு ரசமட்டம் வைத்துப் பார்த்தால் என்ன?