ஸ்டாக்கின் கதை சிகாகோவோடு முடியவில்லை
எழுபது வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தை விட்டதோடு அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஏமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் பயிற்சியாளர் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அவரைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவராக விலகவில்லை, 1892 முதல் 41 பருவங்கள் அணியை நடத்தியவரை வயது வரம்பைக் காட்டி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் பசிபிக் கல்லூரிக்குப் போய் மேலும் 14 பருவங்கள் மைதானத்தில் நின்றார். 1943-இல், 81 வயதில், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் அந்த ஆண்டுச் சிறந்த பயிற்சியாளராகத் தேர்வானார். போர்க்காலத்தில் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் அணிக்குக் கிடைத்தது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களை ஓர் அணியாக்கியது யார்? அதன் பிறகும் பென்சில்வேனியாவின் சஸ்குவஹன்னா பல்கலைக்கழகத்தில் தன் மகனோடு சேர்ந்து பயிற்சி அளித்தார். மேலே கருத்து எழுதிய ஒரு வாசகர், ஆட்டக்காரராக அவரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை என்கிறார். 1889-இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட, நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களைக் கொண்ட அனைத்து அமெரிக்க அணியிலேயே யேல் பல்கலைக்கழக வீரராக அவர் பெயர் இருக்கிறது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தோடு 1892-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் அந்த ஆட்டத்தை ஆடி, மாணவர்களிடம் 5–1 எனத் தோற்ற ஆசிரியர் அணியின் ஒரே புள்ளியை எடுத்தவரும் இவர்தான். இந்த இரண்டையும் விட்டுவிட்டு எழுதினால் பாதி ஸ்டாக்தான் கிடைப்பார்.