பக்கவாத்தியக்காரர்களுக்கும் பிறந்தநாள் உண்டு

ஆகஸ்ட் 4 வந்தால் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் படத்தைப் பகிர்கிறவர்களில் நானும் உண்டு. டிரம்பெட்டைக் கையில் பிடித்தபடி முகம் நிறையச் சிரிப்பாரே, அந்தப் படம். ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை தன் பிறந்தநாள் என்று சொல்லிவந்தது 1900 ஜூலை 4. இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான், ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து, 1901 ஆகஸ்ட் 4 என்று கண்டுபிடித்தார்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் வானொலி இரண்டு தேதியிலும் அவர் இசையை ஒலிபரப்புகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கொண்டாட்டம் இது. எது சரியான நாள் என்று மல்லுக்கு நிற்காமல், கேட்க இன்னொரு நாள் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

நம் இளையராஜா பிறந்தது ஜூன் 3. அன்று கலைஞர் பிறந்தநாள் என்பதால் தன்னுடையதை ஜூன் 2க்கு மாற்றிக்கொண்டார். பாட்டுக் கேட்பவர்களுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆகவே தேதி எனக்குப் பெரிதில்லை. என் ஆதங்கம் வேறு. இந்தப் பிறந்தநாள் பதிவுகளில் எப்போதும் முன்னால் நிற்கிற ஒருவர்தான் இருக்கிறார். கூட வாசித்தவர்கள் எங்கே?

ஆம்ஸ்ட்ராங்கையே எடுத்துக்கொள்வோம். அவர் பெயரை நிலைநிறுத்தியவை 1925 முதல் ‘ஹாட் ஃபைவ்’ குழுவோடு செய்த ஒலிப்பதிவுகள். அதில் பியானோ வாசித்தவர் லில் ஹார்டின், அவருடைய மனைவி. பிறந்தது 1898 பிப்ரவரி 3. கிங் ஆலிவரின் குழுவில் இரண்டாவது ஆளாக வாசித்துக்கொண்டிருந்த கணவரை, வெளியே வா, உனக்கென்று ஒரு இடம் பிடி என்று விடாமல் சொல்லி நகர்த்தியவர் அவர்தான். தானே மெட்டமைக்கவும் தெரிந்தவர். பிறகு இருவரும் பிரிந்து, 1938இல் மணமுறிவும் ஆயிற்று. 1971 ஜூலை 6இல் ஆம்ஸ்ட்ராங் இறந்தார். அடுத்த மாதம் 27ஆம் தேதி, சிகாகோவில் அவர் நினைவாக நடந்த நிகழ்ச்சியில் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போதே லில் சரிந்து விழுந்து இறந்துபோனார். இதை முதல்முறை படித்த அன்று எனக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை. ஆனால் பிப்ரவரி 3 அன்று இவரைப் பற்றி ஒரு பதிவுகூட என் கண்ணில் பட்டதில்லை.

அப்புறம் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936 ஜனவரி 29இல் பிறந்தவர். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தில் பேஸ் கிட்டார், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார், வாசித்த கலைஞர். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே வாசிப்பார். சுப்ரீம்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே என்று 1960களில் உலகம் ஆடிய எத்தனையோ பாட்டுகளின் அடியில் ஓடுவது அந்த விரல்தான். அந்த இசைத்தட்டுகளின் உறையில் அவர் பெயர் கிடையாது. 1971இல் மார்வின் கேயின் ஒரு ஆல்பத்தில்தான் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிட்டார்கள். அதுவரை வீட்டுக்கு வீடு கேட்ட வாசிப்பு, பெயர் இல்லாமலே இருந்திருக்கிறது. கோபம் வருமா வராதா?

நட்சத்திரங்களைக் கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தாராளமாகக் கொண்டாடுவோம். படத்தோடு ஒரு பாட்டையும், அதில் வாசித்தவர்கள் பெயரையும் சேர்த்துப் போடுவோம் என்கிறேன். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 2 மார்வின் கேயின் பிறந்தநாள். அன்று அவர் பாட்டைப் பகிர்கிறவர்கள், பகிர்வதற்கு முன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குரலைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அடியில் போகும் பேஸை மட்டும் கடைசிவரை கேட்டுப் பாருங்கள்.