போனவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்

வந்து குடியேறுபவர்களால் அயர்லாந்து தன் வரலாறு காணாத மாற்றத்தைச் சந்திக்கிறது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1841 கணக்கெடுப்பின்போது அந்தத் தீவு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்; இன்றைய குடியரசின் பகுதியில் மட்டும் சுமார் 65 லட்சம் பேர். உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்ததால் 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர்; அதே அளவு மக்கள் கப்பலேறினர்; அதன் பிறகும் வெளியேற்றம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததில், 1961இல் வட அயர்லாந்து நீங்கலான குடியரசின் மக்கள்தொகை 28 லட்சமாகச் சுருங்கிப்போனது. 1892இல் நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிவுசெய்யும் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்ட அன்று முதல் ஆளாகப் பதிவான ஆனி மூர், இரு தம்பிகளுடன் அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தில் இன்றும் சிலையாக நிற்கிறார். இத்தனை பேரை வழியனுப்பிய நாட்டின் கதையை வந்தவர்களிடமிருந்து தொடங்குவது நியாயமல்ல.

2022 கணக்கெடுப்பில் குடியரசின் மக்கள்தொகை 51 லட்சத்தைத் தாண்டியது. ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். ஆனால் அயர்லாந்துக் குடியுரிமை இல்லாதவர்கள் 12 சதவீதம் மட்டுமே. இடைவெளியில் இருப்பவர்களுள் குடியுரிமை பெற்றுவிட்டவர்களும், லண்டனிலோ நியூயார்க்கிலோ ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து திரும்பியவர்களும் அடங்குவர். கட்டுரை இவ்விரு எண்களையும் ஒன்றாகக் குழப்பியிருப்பது பெரிய பிழை.

2004இல் ஐரோப்பிய ஒன்றியம் விரிந்தபோது புதிய உறுப்பு நாட்டவர்க்கு உடனே வேலைச் சந்தையைத் திறந்த மூன்று நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று; போலந்துக்காரர்கள் பெருமளவில் வந்தது அப்படித்தான். கால்வே மாவட்டத்தின் சிற்றூரான கோர்ட்டில், இறைச்சி ஆலை வேலைக்கு வந்த பிரேசில் குடும்பங்கள் பல நிலைத்துவிட்டன. வீட்டுத் தட்டுப்பாட்டுக்குக் கட்டுரை குடியேறிகளைக் காரணம் காட்டுகிறது. அது உண்மையான துயரம்தான்; ஆனால் 2008 நிதி நெருக்கடிக்குப் பின் கட்டுமானம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்ததைக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை.