16-ல் வைத்தால் ஏசி சீக்கிரம் குளிராது

"ஏசியை 16-ல போடுங்க, ரூம் சீக்கிரம் குளிரும்" என்று பலர் சொல்வது தவறு. இன்வெர்ட்டர் வகை (கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றுவது) அல்லாத ஏசியில் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 16 வைத்தாலும் 24 வைத்தாலும் குளிர்விக்கும் வேகம் மாறாது, எப்போது நிற்கும் என்பதுதான் மாறும். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை மே மாதத்தில் 16-ஐ எட்டவே எட்டாது, கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும் (பில்லும்தான்). இன்வெர்ட்டர் ஏசியும் அறை கொதிக்கும்போது 24-லேயே வேகமெடுத்துத்தான் ஓடும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பீஇஇ-யின் கணக்கு. 2020 முதல் ஸ்டார் லேபிள் ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்குவதும் அதனால்தான்.

சீக்கிரம் குளிர வேண்டுமென்றால் ஏசியின் ஃபேனை ஹையில் வையுங்கள், சீலிங் ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். அடைத்த ஃபில்டரோடு 16-ல் ஓட்டினால் காயிலில் ஐஸ்தான் கட்டும்.