எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு செக்குபந்தி

எங்கள் ஊர் நூலகத்தை இடம் மாற்றும் பேச்சுவார்த்தை மூன்றாவது தடவையும் காபி, மிக்சரோடு முடிந்துவிட்டது. ஒரு பக்கம் பேரூராட்சி, இன்னொரு பக்கம் ஊராட்சி ஒன்றியம், நடுவில் நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழு. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஆற்றங்கரையோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். செக்குபந்தி என்றால் பத்திரத்தில் ஓர் இடத்தின் நான்கு எல்லைகளையும் எழுதும் பகுதி. இரண்டு தரப்பிலும் எனக்கு வாடிக்கைக்காரர்கள் உண்டு.

இப்போதுள்ள நூலகம் பேரூராட்சிக்குச் சொந்தமான இடத்தில், வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசையே தண்ணீர் சூழ்ந்தபோது, வாய்க்கால் கரை நூலகம் எம்மாத்திரம்? இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு நாங்கள் ஏழெட்டுப் பேர் போய்க் கதவை நெம்பித் திறந்தோம். கீழ்த்தட்டுப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துக் காயப்போட்டோம். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். பளபளப்பான தாளில் அச்சடித்த புதுப் புத்தகங்கள் காயக் காயப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி இறுகிவிட்டன. மட்டித்தாளில் அச்சான பழைய நாவல்கள் அப்பளம் போல நெளிந்தாலும் பிழைத்துக்கொண்டன. நூலகர் அக்கா ஒவ்வொரு செங்கல்லாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் எண்ணைக் குறித்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே இடம் மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எங்கே என்பதிலும் ஆரம்பத்தில் மறுப்பில்லை. மேட்டுத்தெரு முனையில் பழைய யூனியன் ஆபீஸ் சும்மாதான் கிடக்கிறது. புதுக் கட்டடத்துக்கு அவர்கள் போன பிறகு, வேப்பமரத்தடியில் ஒரு ஜீப் மக்கிக்கொண்டிருப்பதைத் தவிர அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை. கனமான சுவர், மேடான தரை, சந்தையிலிருந்து கூப்பிடு தூரம்.

சிக்கல் கைமாற்றுவதில்தான் வந்தது. ஒன்றியம் சொல்கிறது: “சும்மா தர முடியாது. அரசு குறித்த வழிகாட்டி மதிப்புப்படி பணம் தாருங்கள், இல்லையென்றால் பேரூராட்சி தன் சந்தை ஓரத்து இடத்தைப் பதிலுக்குத் தரட்டும்.” பேரூராட்சி சொல்கிறது: “நூலகம் வேறு துறை. அதற்காக எங்கள் இடத்தை ஏன் விட வேண்டும்? பைபாஸ் தண்ணீர் டேங்க் பக்கம் எங்களுக்கு 10 சென்ட் இருக்கிறது, இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.” பழைய நூலக இடத்தில் மண்ணடித்து உயர்த்திக் கடைகள் கட்டி வாடகைக்கு விடும் யோசனை அவர்களுக்கு இருக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம்.

ஒன்றியத்தின் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அது சுற்றுவட்டார ஊராட்சிகளின் பொதுச் சொத்து, தூக்கிக் கொடு என்று சொல்ல நான் யார்? ஆனால் உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. சென்னை மாகாணத்தில் 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் போட்ட வழி இது. அதற்காகப் பல வருஷம் அலைந்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் ரங்கநாதன். டவுனில் மட்டுமல்ல, கிராமத்து ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். உள்ளாட்சிகள் வசூலித்து ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிறார்களா என்றால், அது வேறு கதை. எங்கள் பேரூராட்சி வைத்திருக்கும் பாக்கி கொஞ்சநஞ்சமல்ல. தெருவிளக்கு பில்லுக்கும் சம்பளத்துக்கும் புரட்டிவிட்டார்கள் என்று ஆபீசிலேயே சொல்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நூலகத்துக்கென்று வாங்கிய காசைக் கையில் வைத்துக்கொண்டு, நூலகம் வேறு துறை என்று ஒருவர் சொல்கிறார். அதே வரியைக் கட்டும் கிராமத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து படிக்கப்போகும் கட்டடத்துக்கு இன்னொருவர் விலை சொல்கிறார். கடையில் கணக்கு வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள்: பேரூராட்சியின் பாக்கியையும் ஒன்றியம் கேட்கும் தொகையையும் நேர் செய்யுங்கள். பேரூராட்சி ஒன்றியத்துக்குக் கொடுக்கட்டும், ஆணைக்குழு அந்த அளவுக்குப் பாக்கியைக் கழித்துக்கொள்ளட்டும். கலெக்டர் கூட்டி உட்கார வைத்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

சரி, இலவச இடத்தை ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்பீர்கள். வார்டு உறுப்பினர் ஒருவரும் கேட்டார். “அண்ணாச்சி, இந்தக் காலத்துல லைப்ரரிக்கு எவன் வாரான்? எல்லாம் செல்லுலதான இருக்கு.”

“நீங்க கடைசியா உள்ள போனது எப்ப?”

“நமக்கு எங்க பொழுது இருக்கு!”

பொழுது இருப்பவர்களை நான் பார்க்கிறேன், என் கடை எதிரில்தான் நூலகம். வெள்ளத்துக்குப் பிறகு நாற்காலி பற்றாததால் குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் சேரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருகிறார்கள். சாயங்காலம் பீடிக் கடையில் கட்டு ஒப்படைக்க வரும் ஓர் அம்மா, ஆறாம் வகுப்பு மகளை நூலகத்தில் விட்டுவிட்டு வரிசையில் போய் நிற்கிறாள். கழிவு போட்டதற்குக் கடைக்காரரோடு சண்டை முடிந்து அவள் திரும்பும் வரை பிள்ளை சிறுவர் இதழ் படிக்கிறது. போகும்போது மடியில் இலை மூட்டையோடு அம்மா வாசலில் நின்று, “ஏட்டி, போதும் வா” என்பாள். அது இன்னும் ஒரு பக்கம் என்று விரலைக் காட்டும். பைபாஸ் தண்ணீர் டேங்க் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல். இலவச டவுன் பஸ்ஸும் அங்கே நிற்காது. வாசகரின் நேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ரங்கநாதன் 1931-லேயே ஒரு விதியாக எழுதி வைத்தார். டேங்க் நிழலில் கட்டினால் அங்கே நேரம் போக்க வருகிறவர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள்.

இன்னொன்று, என் தொழில் சம்பந்தப்பட்டது. இப்போதுள்ள நூலகத்துக்குக் காகிதமே கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு தலைவர், “இருந்துட்டுப் போங்க” என்று சொன்னதுதான் பத்திரம். வெள்ளத்துக்குப் பிறகு புதுக் கட்டடத்துக்கு நிதி கேட்டு எழுதினபோது, இடம் உங்கள் பெயரில் இல்லையே என்று கோப்பு திரும்பி வந்துவிட்டது. ஆகையால் “முதலில் புத்தகத்தைக் கொண்டுபோய் வையுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சை மட்டும் நம்பவே கூடாது. குத்தகையும் வேண்டாம். 2010-ல் கோட்டூர்புரத்தில் அவ்வளவு பெரிதாகத் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தையே அடுத்த வருஷம் இடம் மாற்றப் பார்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் நின்றது. நமக்காகக் கோர்ட்டுக்குப் போக யார் இருக்கிறார்கள்? ஆணைக்குழு தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. இரண்டு மன்றங்களிலும் தீர்மானம், மேலிட அனுமதி, பட்டா மாற்றம், அதற்குப் பிறகு ஒரு புத்தகத்தைத் தூக்கினால் போதும்.

அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை. நேற்று ராத்திரி கடையை அடைத்த பிறகு ஒரு வரைவு எழுதி வைத்தேன், எழுத்துக்கூலி வேண்டாம். செக்குபந்தி: சந்தை மதிலுக்குத் தெற்கு, மேட்டுத்தெருவுக்குக் கிழக்கு, பள்ளிக்கூட மைதானத்துக்கு வடக்கு, பீடிக் கடைச் சந்துக்கு மேற்கு. இதற்குள்பட்ட ஓட்டுக் கட்டடமும் வேப்பமரம் ஒன்றும். ஜீப் சேராது. பிரதிப்பிரயோஜனத் தொகை, அதாவது கைமாற்றும் விலை, என்று எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.