தானாகச் சாப்பிடுவாள் என்று காத்திருக்காதீர்கள்
'பசித்தால் தானாகச் சாப்பிடுவாள், விட்டுவிடுங்கள்' என்று, சாப்பிட மறுக்கும் பெண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் வருகிறதே, அதைத் தயவுசெய்து திருத்துங்கள். என் மகளுக்கு அனோரெக்ஸியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் மனநோய்) வந்தபோது நாங்களும் அப்படித்தான் ஆறு மாதம் காத்திருந்தோம். இட்லியைப் பொடிப்பொடியாகப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பாள், மாதவிலக்கு நின்றது, நாடித்துடிப்பு குறைந்தது, அப்போதும் பிடிவாதம் என்றே நினைத்தோம். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பம் சார்ந்த சிகிச்சைதான் கைகொடுத்தது. அதாவது, என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதை நாங்களே முடிவு செய்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுதாலும் திட்டாமல், எழுந்து போகாமல் சாப்பிட வைப்பது. போன வாரம் அவளே இரண்டாவது தோசை கேட்டாள்! அப்புறம் ஒன்று, பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பின் அளவு சரிந்து இதயத்துக்கே ஆபத்து, அதனால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.